மூன்று கோட் தெரிந்தவரும் முழுநேரக் கலைஞரும்: மன்னார்க் கரைக்கு ஒரு கிற்றார்க் குழு இசை

முருங்கன், நானாட்டான், வங்காலை, பேசாலை என்று மன்னார் மாவட்டத்தின் எந்தக் கத்தோலிக்க ஊருக்குப் போனாலும், ஞாயிற்றுப் பூசையில் பாடகர் குழாமோடு கிற்றார் மாட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளை ஒன்றையாவது காணலாம். நத்தார் காலத்தில், கரோல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது, இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். கிற்றார் எங்களுக்கு அந்நியமான வாத்தியம் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து கிற்றார்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன வாசிக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். ஐந்தும் அதே கோட்டை அதே அடியில் அடிக்கின்றன. சத்தம் கூடுகிறது, ஐந்து கிற்றாருக்கான இசை பிறப்பதில்லை.

முறையாகப் படித்தவரின் நிலையும் இதைவிடப் பெரிதாக வேறுபடுவதில்லை. றோயல் ஸ்கூல்ஸ், ட்ரினிட்டி போன்ற லண்டன் பரீட்சைகளுக்குத் தரம் தரமாகத் தோற்றி மேலே வருபவர் தனி வாசிப்புக்கே பழகுகிறார். ஊருக்கு வந்தால், தான் கற்றதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாத பாட்டுக்குக் கோட் அடிக்கிறார், அல்லது ஒதுங்கியிருக்கிறார். பழகத் தொடங்கி ஆறு மாதமான பிள்ளையும் அவரும் ஒரே வட்டத்தில் அமர்ந்து, இருவரும் தங்கள் முழுத் திறனையும் கொடுத்து வாசிக்கக்கூடிய உருப்படி எங்களிடம் ஒன்றுகூட இல்லை. உலகின் பிற இடங்களில் அறுபது ஆண்டுகளாக அப்படியான இசையை எழுதி வருகிறார்கள். எத்தனை பேர் வாசித்தாலும், எந்தத் தரத்தினர் வாசித்தாலும் குலையாத அந்தக் குழு இசையின் வழிகளைத் தொகுத்துப் பார்த்து, அவற்றில் எவை இந்தக் கரையில் வேர்விடும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். போர்த்துக்கேயர் 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார்கள். அவர்கள் இலங்கைக் கரையோரங்களில் விட்டுச்சென்ற நரம்பு வாத்தியப் பழக்கம் கஃப்ரிஞ்ஞா, பைலா என்ற ஆட்டப் பாட்டு வடிவங்களில் நிலைத்தது. மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தில் அதை இன்றும் கேட்கலாம். இருபதாம் நூற்றாண்டில், பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியான்ஸ் பைலாவை நாடறியச் செய்தார். 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு தமிழில் பாடத் தொடங்க, ஈழத்துப் பொப் இசை பிறந்தது. ஏ. ஈ. மனோகரன் அதைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கொண்டுபோனார். இவர்கள் எல்லோரிடமும் கிற்றார் பாட்டுக்குத் துணையாகவே நின்றது. ஆட வைக்கும் அடி, அதன்மேல் பாடகர். அதற்குமேல் கிற்றாரிடம் அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அந்தப் பாட்டுகளுக்கு இருக்கவில்லை.

கோயிலுக்குள் கிற்றார் வந்த வழி வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டதோடு, ஓர்கன் அல்லாத வாத்தியங்களையும் உள்ளூர்த் திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு பயன்படுத்த அனுமதித்தது. அதன்பின் தமிழ்ப் பாடல்களோடு கிற்றாரும் பீடத்தருகே வந்தது. 

தமிழ்நாட்டின் கதையையும் சேர்க்க வேண்டும். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, பிறருடைய ஒலிப்பதிவுகளில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்த இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி'யோடு இசையமைப்பாளரானார். அவர் பாடல்களில் கிற்றாருக்குத் தனிக் குரல் கிடைத்தது. 1982இல் வந்த 'இளைய நிலா' பாட்டின் கிற்றார் வரியைப் பழகாத தமிழ்க் கிற்றார்காரர் குறைவு. இன்னொரு பக்கம் சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றோர் கர்நாடக இசையையே கிற்றாரில் வாசித்துக் காட்டினார்கள். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலின் அடைந்த இடத்தைக் கிற்றாரும் அடைய முடியும் என்பதற்கு அவர்கள் சான்று. ஆக, பக்கவாத்தியமாக ஒரு மரபு, ஒலிப்பதிவு அறையில் ஒரு மரபு, தனிக் கச்சேரியாக ஒரு மரபு என்று மூன்று இருக்கின்றன. பலர் கூடி வாசிக்கும் நான்காவது மரபு மட்டும் இல்லை.

அதற்கான காரணங்களில் ஒன்று கற்கும் முறை. எங்கள் தமிழ்ப் பாடசாலைகளில் சங்கீதம் என்றால் பெரும்பாலும் கர்நாடக சங்கீதம். கிற்றார் பாடசாலைக்கு வெளியே, அண்ணன்மாரிடமும் கூட்டாளிகளிடமும் கேட்டுப் பழகும் வாத்தியமாகவே இருக்கிறது. பாட்டுக் கொப்பியில் வரிகளுக்கு மேலே ஜி, சி, டீ, ஈ மைனர் என்று எழுதிவைத்துக்கொள்வார்கள். எஃப் வரும் இடம்தான் முதல் மதில். சுட்டுவிரலைத் தட்டையாக வைத்து முதல் கட்டில் ஆறு நரம்பையும் ஒருசேர அழுத்த வேண்டும். விரல் நோகும், இரண்டு நரம்பு செத்த சத்தம் போடும். மலிவான கிற்றாரில் நரம்பு கட்டையை விட்டு உயர நிற்பதால் நோவு இரட்டிக்கும். அந்த மதிலில் முட்டிக் கிற்றாரைச் சுவரில் கொழுவிவிட்ட பிள்ளைகளை எல்லா ஊரிலும் காணலாம். தன்னிடம் உள்ளதைக் கொண்டே முழு இசையில் பங்குகொள்ள முடியும் என்ற நம்பிக்கையை அந்த ஆறாவது மாதத்தில் யாராவது கொடுத்திருந்தால், அவர்களில் பாதிப் பேராவது வாசித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது வெளியே பார்ப்போம். இந்த வகை இசையின் முதற்பெரும் படைப்பு அமெரிக்கரான டெரி ரைலி 1964இல் எழுதிய 'இன் சி'. மொத்த இசைக்குறிப்பும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதில் 53 சிறு இசைத்துண்டுகள். எந்த வாத்தியமும் வாசிக்கலாம். ஏறத்தாழ 35 பேர் நல்லது என்பார் ரைலி, ஆனால் கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. ஒவ்வொருவரும் முதல் துண்டிலிருந்து தொடங்கி, விரும்பிய தடவை திருப்பி வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். ஒருவர் மற்றவர்களைவிட இரண்டு மூன்று துண்டுக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது. ஒரு வாத்தியம் சி சுரத்தை விடாமல் தட்டி எல்லோரையும் ஒரே நடையில் பிடித்துவைக்கிறது. கற்றுக்குட்டி ஒரு துண்டில் நீண்ட நேரம் நின்றாலும் அது குறையாகத் தெரியாது, ஏனென்றால் அப்படி நிற்பதும் விதிக்குள் அடங்கியது. 2014இல் மாலி நாட்டுக் கலைஞர்கள் கோரா, பலஃபோன் போன்ற தங்கள் வாத்தியங்களில் இதை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டவர்களுக்கு, இந்தப் படைப்பு எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரராகிவிடும் என்பது விளங்கும்.

ஃப்ரெடரிக் செவ்ஸ்கி 1969இல் எழுதிய 'லே மூத்தோன் த பனூர்ஜ்' இன்னும் துணிச்சலானது. 65 சுரங்கள் கொண்ட ஒரே வரி. முதலில் ஒன்று, பிறகு ஒன்றும் இரண்டும், பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. இப்படியே 65 வரை வளர்ந்து, அதன்பின் முன்னாலிருந்து ஒவ்வொன்றாக உதிர்கிறது. இந்த எண்ணிக்கையில் வேகமாக வாசித்தால் கைதேர்ந்தவரும் தவறுவார். தவறியவர் திரும்பச் சேர முயல வேண்டாம், வழிதப்பிய இடத்திலிருந்தே தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்பது இசையமைப்பாளரின் கட்டளை. இசை தெரியாதவர்களுக்கும் அதில் இடம் உண்டு. கையில் கிடைப்பதைத் தட்டலாம். பிழைவிடப் பயந்து கடைசி வரிசையில் ஒளிந்து நிற்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேறென்ன? டச்சுக்காரர் லூயி அந்திரீசன் 1975இல் எழுதிய 'வேர்க்கர்ஸ் யூனியன்' நேர் எதிர்த் திசையில் போகிறது. அதில் தாளம் இம்மியும் பிசகாமல் எழுதப்பட்டிருக்கும். எல்லோரும் ஒன்றாக அடிக்க வேண்டும். சுரத்தை மட்டும் அவரவர் தெரிவுசெய்துகொள்ளலாம்.

கிற்றாருக்கென்றே எழுதப்பட்டவற்றில் கியூபாவின் லியோ புரோவர் தனி இடம் பெறுகிறார். 1979இல் அவர் கிற்றார் வாத்தியக் குழாமுக்கென ஒரு படைப்பு எழுதினார். 1984இல் நான்கு கிற்றாருக்கு எழுதிய 'மழையோடு ஒரு கியூப நிலக்காட்சி' இன்று உலகெங்கும் மாணவர் குழுக்களின் பாடம். சிதறி விழும் ஒற்றைச் சுரங்கள் மெல்ல மெல்ல நெருங்கிப் பெருமழையாகின்றன. ஸ்டீவ் ரைக் 1987இல் பாட் மெதீனிக்காக எழுதிய 'எலெக்ட்ரிக் கவுண்டர்பொயின்ற்', முன்கூட்டிப் பதிந்த பத்துக் கிற்றார் வரிகளோடும் இரண்டு பேஸ் கிற்றார் வரிகளோடும் ஒருவர் நேரில் வாசிக்கும் படைப்பு. பதிந்த வரிகளை நேரில் வாசிக்க ஆட்கள் இருந்தால் அது பெரும் குழு இசையாகிவிடும். றொபர்ட் ஃபிரிப் 1985இல் தொடங்கிய கிற்றார் கிராஃப்ற் பயிலரங்குகளில் ஒரு பயிற்சி உண்டு. வட்டமாக அமர்ந்து, ஆளுக்கொரு சுரமாக இசையைக் கைமாற்றிக்கொண்டே போவது. ஒற்றைச் சுரம் வாசிக்கத் தெரிந்தால் போதும், ஆனால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் அதை வாசிக்க முடியாது. ஜப்பானில் ஹிரோகி நீபோரி சிறிதும் பெரிதுமான கிற்றார் வகைகளைச் செய்வித்து, வயலின் குடும்பம் போலக் கிற்றார்க் குடும்பமொன்றையே அமைத்தார்.

அளவில் எல்லாரையும் விஞ்சியவர் ரிஸ் சாத்தம். 1989இல் நூறு எலெக்ட்ரிக் கிற்றாருக்கு எழுதினார். 2005இல் பாரிஸ் சாக்ரே-கேர் தேவாலயத்தில் நானூறு கிற்றார்கள் வாசித்த 'எ கிரிம்சன் கிரேயில்' அவருடையது. வாசித்தவர்களில் பலர் அந்த இசைக்காகத் தாமாக முன்வந்த பலதரப்பட்ட கிற்றார்காரர்கள். கூட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கொரு வழிநடத்துநரை வைத்து அவர் அதைச் சாதித்தார்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது. 2007இல் இந்தியாவின் ஷில்லோங்கில் 1,730 கிற்றார்காரர்கள் கூடி ஒரு பொப் டிலன் பாட்டை வாசித்தார்கள். போலந்தின் வ்ரோத்ஸ்வாவ் நகரில் ஆண்டுதோறும் மே 1ஆம் திகதி நடக்கும் கூடலில் 2009இல் 6,346 பேர் 'ஹே ஜோ' வாசித்தார்கள். அவை அழகான திருவிழாக்கள். ஊரே கூடும் மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆறாயிரம் பேரும் ஒரே கோட்டை அடித்தால் அது எங்கள் கோயில் ஐவரின் நிலையே, பெரிய அளவில். குழு இசை என்றால் ஒருவர் செய்வது மற்றவர் செய்வதிலிருந்து வேறாக இருக்க வேண்டும், ஆனால் ஒன்றில்லாமல் மற்றது நிறைவடையக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 'எந்த வாத்தியமும், எத்தனை பேரும்' என்று எழுதிவிட்டால் மட்டும் நல்ல இசை வந்துவிடாது. அந்தச் சுதந்திரத்தின் பெயரால் எழுதப்பட்ட வெறுமைகள் நிறைய. ரைலியும் செவ்ஸ்கியும் அந்திரீசனும் நிலைத்ததற்குக் காரணம், ஒன்றை முழுக்கத் திறந்துவிட்டு மற்றொன்றை இறுக்கிப் பிடித்ததுதான். ரைலி துண்டுகளை இறுக்கி நேரத்தைத் திறந்தார். அந்திரீசன் தாளத்தை இறுக்கிச் சுரத்தைத் திறந்தார். எதை இறுக்குவது, எதைத் திறப்பது என்ற அந்தத் தீர்மானத்தில்தான் இசையமைப்பாளரின் கலை இருக்கிறது.

இந்தத் தீர்மானத்தை மன்னார் மண் எப்போதோ எடுத்துவிட்டது. எங்கள் நாட்டுக்கூத்தைப் பாருங்கள். வடபாங்கு, தென்பாங்கு என இரு வழிகளில் இங்கே கூத்து வளர்ந்தது. தென்பாங்கை மாதோட்டப் பாங்கு என்றும் சொல்வோம். 'மூவிராசர் நாடகம்', 'என்றீக் எம்பரதோர் நாடகம்' போன்றவற்றை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்தபோது மன்னாருக்கு வெளியே உள்ளவர்களும் அவற்றின் வளத்தை அறிந்தார்கள். அந்த மேடையின் இசை அமைப்பு கவனிக்கத்தக்கது. மெட்டும் தாளமும் இறுக்கமானவை. கூத்தை வழிநடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று அவற்றைக் காக்கிறார். அரசனாக வருபவர் மாதக்கணக்கில் பழகிய தேர்ந்த பாடகர். அவர் பாடியதை வாங்கிப் பாடும் பிற்பாட்டுக்காரருக்கோ தொகை வரையறை இல்லை. நான்கு பேரும் பாடலாம், பத்துப் பேரும் பாடலாம். தொண்டை கட்டிய ஒருவர் ஒதுங்கினாலும் கூத்து நிற்காது. விடிய விடிய இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அடுத்த ஆண்டு பிற்பாட்டில் நிற்கும், பிறகொரு நாள் மேடையில் ஏறும். தேர்ந்தவரும் தொடங்குபவரும் ஒரே இசைக்குள் அவரவர் இடத்தில் நிற்கும் ஏற்பாடு இது. 1964இல் ரைலியின் படைப்பில் புதுமை என்று கொண்டாடப்பட்டதன் சாரம் எங்கள் கோயில் முற்றத்தில் இருந்திருக்கிறது. கிற்றாரை அதற்குள் கொண்டுவரத்தான் நாங்கள் நினைக்கவில்லை.

இங்குள்ள வாழ்க்கையும் இப்படியான இசையையே கேட்கிறது. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி விதைக்கும் ஊர்களில், விதைப்பிலும் அரிவு வெட்டிலும் ஒத்திகைக்கு ஆள் குறையும். கரையோர ஊர்களில் கடல் வளம் பார்த்து ஆட்கள் வருவார்கள், போவார்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் வீட்டோடு. படிப்புக்கும் வேலைக்கும் கொழும்புக்குப் போனவர்கள், வெளிநாடு போனவர்கள், போரில் ஊர் பெயர்ந்து திரும்பாதவர்கள் என்று ஒவ்வொரு குழாமிலும் வெற்றிடங்கள் உண்டு. நான்கு பேருக்கென்று எழுதிய இசை இங்கே ஒருவர் வராவிட்டால் படுத்துவிடும். மூன்று பேராலும் பதின்மூன்று பேராலும் வாசிக்கக்கூடிய இசைதான் முருங்கனில் ஓராண்டு தாக்குப்பிடிக்கும். வெளிநாடுகளில் உள்ள பழைய உறுப்பினர்களையும் விட்டுவிட வேண்டியதில்லை. ரைக் செய்ததுபோல் அவர்கள் தங்கள் வரியைக் கைத்தொலைபேசியில் பதிந்து வட்சப்பில் அனுப்பலாம். இங்குள்ளவர்கள் அதன்மேல் நேரில் வாசிக்கலாம்.

அப்படியோர் இசையை எப்படி எழுதுவது? ஒரு வழியைச் சொல்கிறேன். கிற்றாரின் தடித்த ஆறாம் நரம்பை ஈயிலிருந்து டீக்கு இறக்குங்கள். இப்போது ஆறாம், ஐந்தாம், நான்காம் நரம்புகள் திறந்த நிலையில் டீ, ஏ, டீ. அதாவது ச, ப, மேல் ச. இடக்கை வைக்காமலே, பெருவிரலால் மட்டும், நேற்றுத் தொடங்கிய பிள்ளைகூடத் தம்புரா போலச் சுருதி பிடிக்கலாம். இது முதல் அடுக்கு. இரண்டாம் அடுக்கில் நரம்பை உள்ளங்கையால் அமத்தி, தகிட தகதிமி என்ற ஏழு எண்ணிக்கையைத் தட்ட வேண்டும். கோட் அடித்துப் பழகிய வலக்கைக்கு இது வேலையும் பயிற்சியும். மூன்றாம் அடுக்குக்கு மோகனத்தை எடுத்துக்கொள்வோம். டீயை ச ஆக வைத்தால் ரியும் தவும் ஈ, பி என்ற திறந்த நரம்புகளிலேயே கிடைக்கின்றன. கீழ்ப் பஞ்சமமும் சட்ஜமும் காந்தாரமும் முதல் மூன்று கட்டுக்குள் அடங்குகின்றன. எஃப் கோட்டின் மதில் இங்கே குறுக்கே வராது. ஐந்து சுரங்களில் எந்த இரண்டும் ஒன்றோடொன்று நெருக்கி உரசாது என்பதால், ரைலியின் முறையில் ஆளாளுக்கு வேறு வேறு துண்டுகளை ஒரே நேரத்தில் வாசித்தாலும் காதுக்கு இடறாது. நான்காம் அடுக்கு தேர்ந்தவருக்கானது. மேல் கட்டுகளில், நரம்பை இழுத்தும் வழுக்கியும் கமகத்தோடு அவர் ஆலாபனை செய்யலாம். அடுத்த துண்டுக்கு எப்போது போவது, எப்போது எல்லோரும் ஓய்ந்து ஒருவர் மட்டும் வாசிப்பது, எப்போது முடிப்பது என்பதைச் சைகையால் சொல்ல ஓர் அண்ணாவியார் வேண்டும். அவர் கிற்றார் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இசைக்குறிப்பை ஐந்து கோட்டில் மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேருக்கு வாசல் அடைத்துவிடும். ஸ ரி க ம, ஆறு கோட்டு டேப், ஐந்து கோட்டுக் குறிப்பு ஆகிய மூன்றிலும் அதே பக்கத்தைக் கொடுக்க வேண்டும். பாடசாலையில் சங்கீதம் படித்த பிள்ளை முதலாவதை வாசிக்கும். யூடியூப்பில் பழகிய பிள்ளை இரண்டாவதை. பரீட்சை எழுதியவர் மூன்றாவதை. தீவுப் பக்கத்தில் உப்புக் காற்றுக்கு இரும்பு நரம்பு விரைவில் துருப்பிடிக்கும். அங்கே நைலோன் நரம்புக் கிற்றார் நல்லது, விரலுக்கும் இதம். எலெக்ட்ரிக்கும் நைலோனும் கலந்தால் ஒலிபெருக்கியில் ஒன்று மற்றதை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரம் தாழும் என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. நான் அதை ஏற்கவில்லை. சுருதி பிடிக்கும் பிள்ளை கால் நாழிகை நேரம் நடை குலையாமல் பிடிப்பது எளிதல்ல. அது பெரிய இசைக் கல்வி. ஆலாபனை செய்பவரோ, தனக்குக் கீழே எட்டுப் பேர் மூச்சுவிடும் அசைவைக் கேட்டு வாசிக்கக் கற்கிறார். அதைத் தனி வாசிப்புப் பரீட்சை அவருக்குக் கற்றுக் கொடுக்காது. வழிபாட்டுக்குள் இதற்கு இடமுண்டா என்ற கேள்வி நியாயமானது. அதை அந்தந்தப் பங்குச் சுவாமிமாரோடு பேசித் தீர்க்கலாம். பூசைக்குள் வேண்டாம் என்றால் திருநாள் இரவும், தவக்கால நிகழ்ச்சிகளும், ஒளிவிழாவும் இருக்கின்றன.

ஆகவே, பாடகர் குழாம் பயிற்றுநர்களிடமும் அண்ணாவிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் கிற்றார் வைத்திருக்கும் எல்லோரையும், சுவரில் கொழுவிவிட்டவர்களையும் சேர்த்து, ஒரு பின்னேரம் கூப்பிடுங்கள். கூத்து மெட்டு ஒன்றை நான்கு ஐந்து துண்டாகப் பிரித்து, ஆறாம் நரம்பை டீக்கு இறக்கி, வட்டமாக இருந்து வாசித்துப் பாருங்கள். சரிவந்தால் எழுதிவைத்து அடுத்த ஊருக்குக் கொடுங்கள். வங்காலையில் எழுதியதை முருங்கனும், முருங்கனில் எழுதியதைப் பேசாலையும் வாசிக்கட்டும்.